‘அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?’

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. நாசரேத் பக்கத்தில் ஒரு கிராமம். சபைப் பள்ளிக்கூடத்தில் 34 வருடம் டீச்சராக இருந்தவர். கணையத்தில் புற்றுநோய், கல்லீரலுக்கும் பரவிவிட்டது. கீமோ இரண்டு சுற்றோடு நிறுத்தியாயிற்று. ‘இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான்’ என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். நான் சென்னையில் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்து கூடவே இருக்கிறேன்.

அம்மாவுக்குப் பயமே இல்லை. ‘ஆண்டவர்ட்ட போறதுக்கு எதுக்கு பிள்ள பயப்படணும்?’ என்கிறார். அடக்க ஆராதனையில் என்ன பாட்டு, யாருக்கு எந்தச் சேலை, கல்லறைக்கு கிரானைட் எல்லாம் வேண்டாம் என்று பேச ஆரம்பிக்கிறார். எங்களால் தாங்க முடிவதில்லை. ‘அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?’ என்று பேச்சை மாற்றிவிடுகிறோம். ஒரு ஜெபக்குழுவில் இருக்கும் சித்தி, ‘சாவைப் பற்றிப் பேசுவது அவிசுவாசம், சுகம் ஆயிட்டுன்னு அறிக்கையிடு’ என்று அம்மாவை அதட்டுகிறார். அண்ணனுக்கு மார்ஃபின் மாத்திரை கொடுக்கப் பயம். அம்மாவும் பாதி வேளை வேண்டாம் என்கிறார். ‘ஆண்டவர் சிலுவையில படாத வலியா?’ என்பார். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு அவர் தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்ததைப் பார்த்தேன்.

எனக்கு அம்மாவின் விசுவாசம் இல்லை. கோயிலுக்குப் போய் ஏழெட்டு வருடம் ஆகிறது. ‘ஜெபம் பண்ணு பிள்ள’ என்றால் சின்ன வயதில் மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கிறேன். சாவை நினைத்தாலே கைகால் நடுங்குகிறது. இவ்வளவு தைரியமாக இருக்கும் அம்மாவே கடைசி நேரத்தில் பயந்துவிட்டால் நான் எதை நம்புவது? அம்மாவின் பைபிளில் 23-ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் பென்சிலால் மூன்று தேதிகள் எழுதியிருக்கிறார். ஒன்று அப்பா இறந்த நாள். மற்ற இரண்டும் என்னவென்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தில் என்னை முதலில் பிடித்து நிறுத்தியது அந்தத் தலையணைதான். விசுவாசம், பயம், பைபிள் தேதிகள் எல்லாவற்றையும் பேசுவோம். அதற்கு முன்னால் அந்த ராத்திரி இரண்டு மணி வலியை நிறுத்த வேண்டும். வலியில் கிடப்பவருக்கு ஜெபிக்கவும் முடியாது, பிள்ளையின் முகத்தைப் பார்த்து நாலு வார்த்தை பேசவும் முடியாது. வலி நிவாரண மருத்துவத்தில் இத்தனை வருடமாக வீடு வீடாகப் போய்ப் பார்த்ததில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் தெரிந்த விஷயம் இது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வேலை ஏறக்குறைய நான்கு மணி நேரம். அதனால்தான் அதை நேரம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறோம். வலி வரட்டும், பார்க்கலாம் என்று ஒரு வேளையைத் தள்ளினால் வலி முன்னே ஓடிவிடும், மருந்து பின்னாலேயே துரத்திக்கொண்டிருக்கும். கல்லீரல் பாதித்தவர்களுக்கு அளவையும் இடைவெளியையும் டாக்டர் தனியாகக் கணக்குப் பார்த்துத்தான் எழுதுவார். நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். ஆனால் நாளைக் காலையிலேயே போன் செய்து, ராத்திரி இரண்டு மணிக்கு வலி வருகிறது, பாதி வேளை மருந்து உள்ளே போவதில்லை என்கிற இரண்டையும் சொல்லுங்கள். இடையில் வலி கிளம்பினால் கொடுக்க வேண்டிய அளவு எது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கணையப் புற்றுநோயில் முதுகுக்குப் பாயும் வலிக்கு, வயிற்றின் பின்பக்கம் இருக்கும் நரம்புக் கூட்டத்தில் ஊசி போடும் முறையும் இருக்கிறது. அம்மாவின் உடம்பு அதைத் தாங்குமா என்று கேளுங்கள். மார்ஃபின் மலச்சிக்கல் உண்டாக்கும், அதற்கான மருந்தைத் தினமும் சேர்த்தே கொடுக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் குமட்டலும் தூக்கமும் வரலாம், பெரும்பாலும் சரியாகிவிடும்.

அண்ணன் பயப்படுவது, ‘அடிமையாகிவிடுவார்களோ, மூச்சு நின்றுவிடுமோ’ என்பதாகத்தான் இருக்கும். பாதிப் பேர் வீட்டில் அதுதான். புற்றுநோய் வலிக்காக டாக்டர் பார்த்துப் பார்த்து ஏற்றிக் கொடுக்கும் மார்ஃபினுக்கு ஒருவர் அடிமையாவது அபூர்வம். சரியான அளவில் கொடுக்கும்போது அது ஆளைக் கொல்வதில்லை. அண்ணனை டாக்டரிடம் அழைத்துப்போய் அவர் வாயால் கேட்க வையுங்கள். வீட்டுக்கு வந்தபின் மாத்திரை கொடுக்கும் பொறுப்பை அவரிடமே விடுங்கள். வேளை தவறாமல் அம்மாவின் வாயில் மாத்திரை வைத்துத் தண்ணீர் கொடுக்கும் மகன், ஒரு வாரத்தில் மாறிவிடுவார்.

அம்மா சொல்கிற காரணத்துக்கு மரியாதையாகப் பதில் சொல்ல வேண்டும். அவர் வேதம் தெரிந்தவர். சிலுவையில் அறையுமுன் கொடுத்த கசப்புக் கலந்த பானத்தை இயேசு மறுத்தார் என்று அவருக்குத் தெரியும். அதே இயேசு பிறகு ‘தாகமாயிருக்கிறேன்’ என்று சொன்னதும், நீட்டிய காடியை வாங்கிக்கொண்டதும் அவருக்குத் தெரியும். ‘அவரே கேட்டு வாங்கினார்லாம்மா, நீங்க ஏன் கேட்கக் கூடாது?’ என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்றையும் மெதுவாகக் கேளுங்கள். மருந்து போட்டால் தூங்கிவிடுவோம், லீவு போட்டு வந்திருக்கும் மகளோடு இருக்கும் நேரம் தூக்கத்தில் போய்விடும் என்று பயந்து மாத்திரையை ஒதுக்கிய தாய்மாரைப் பார்த்திருக்கிறேன். கேட்டால்தான் சொல்வார்கள்.

இனி, நீங்கள் மாற்றிவிடும் அந்தப் பேச்சு.

என் அப்பா ஒரு கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். நான் டாக்டராகி ஆறேழு வருடம் ஆகியிருந்தபோது அவருக்கு நெஞ்சில் கட்டி வந்தது. ஒரு சாயங்காலம் நான் பக்கத்தில் உட்கார்ந்து ரிப்போர்ட் புரட்டிக்கொண்டிருந்தேன். ‘தம்பி, அந்தத் தகரப்பெட்டிச் சாவி கோட்டுப் பையில கெடக்கு. அதுல ஒண்ணு இருக்கு, உங்கிட்ட சொல்லணும்’ என்று ஆரம்பித்தார். ‘அதெல்லாம் இப்ப எதுக்குப்பா? முதல்ல எழுந்து நடங்க’ என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ‘சரிப்பா’ என்று சொல்லிவிட்டுப் போர்வையை நெஞ்சு வரைக்கும் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் அதைத் தொடங்கவே இல்லை. ஒன்பது நாள் கழித்து, குழாய்களுக்கு நடுவே தீவிர சிகிச்சைப் பிரிவில் இறந்தார். பெட்டியைத் திறந்தேன். பழைய ஞானஸ்நானச் சீட்டுகள், ஒரு பேனா, யாரோ எழுதிய நாலைந்து கடிதங்கள். அவர் சொல்ல நினைத்தது அதில் எதைப் பற்றி என்று இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டார் அப்பா. சாகப்போகிற மனிதர் என்னைப் பாதுகாத்தார்.

உங்கள் அம்மா இன்னும் முயற்சி பண்ணிக்கொண்டிருக்கிறார். நீங்கள் மாற்ற மாற்ற மறுபடியும் ஆரம்பிக்கிறார். அது பெரிய கொடுப்பினை, ஆனால் அதற்கும் ஒரு நாள் முடிவு உண்டு. அடுத்த முறை அவர் சேலையைப் பற்றிப் பேச வாயெடுத்தால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு, ‘சொல்லுங்கம்மா, எழுதிக்கிடுதேன்’ என்று பக்கத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் அழுதுகொண்டே எழுதுங்கள். அம்மா அதைத் தாங்குவார். அந்தப் பாட்டுகளை அவரையே பாடிக் காட்டச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். குரல் போய்விட்டிருந்தால் அடிகளைச் சொல்ல மட்டும் சொல்லுங்கள். கிரானைட் வேண்டாம் என்றால் அண்ணன் முன்னிலையில் அதையும் எழுதிவிடுங்கள், பிறகு ஊருக்காக யாரும் மாற்றக் கூடாது. களக்காட்டுப் பக்கம் டோனாவூரில் அநாதைப் பிள்ளைகளை வளர்த்த ஏமி கார்மைக்கேல், 1931-ல் கீழே விழுந்து அடிபட்டபின் 1951-ல் இறக்கும் வரைக்கும் பெரும்பாலும் படுக்கையில்தான் இருந்தார். தனக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். பிள்ளைகள் அவரை அழைத்த பெயரை மட்டும் பொறித்து, பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். உங்கள் அம்மா அந்தப் பக்கத்து ஆள்தான், கேள்விப்பட்டிருப்பார்.

ஒன்றை மட்டும் நீங்களாகவே கேட்டுவிடுங்கள்: மூச்சு திணறினால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமா, செயற்கை சுவாசக் கருவி வேண்டுமா, வீட்டிலேயே இருக்க வேண்டுமா? வேண்டாத சிகிச்சையை முன்கூட்டியே மறுத்து எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கிவிட்டது. இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெசட்டெட் அதிகாரி முன் சான்றளித்தால் போதும். அம்மாவுக்குத் தெளிவு இருக்கும்போதே செய்துவிடுங்கள். நள்ளிரவில் சொந்தக்காரர்கள் கூடி, ‘இன்னும் ஏன் வீட்டுலயே வச்சுக்கிட்டு இருக்கீங்க?’ என்று சத்தம் போடும்போது அந்தக் காகிதம் அம்மாவின் குரலாக நிற்கும்.

சித்தியோடு சண்டை வேண்டாம். அக்காவை இழக்கப்போகும் தங்கை அவர். பயம் சில பேருக்கு அதட்டலாகத்தான் வெளியே வரும். ஆனால் வேதத்தில் யாக்கோபு மரணப் படுக்கையில் என்ன செய்தார் என்று பாருங்கள். பிள்ளைகளைக் கூப்பிட்டு ஒவ்வொருவருக்கும் சொல்ல வேண்டியதைச் சொன்னார். இன்ன குகையில் என்னை அடக்கம்பண்ணுங்கள் என்று இடம் குறித்துக் கட்டளை கொடுத்தார். பிறகு கால்களைக் கட்டிலின்மேல் மடக்கிக்கொண்டு ஜீவனை விட்டார். அவரை யாரும் அவிசுவாசி என்று சொல்லவில்லை. சுகம் கேட்டு ஜெபிப்பதும் தப்பில்லை. நோயில் கிடந்த எசேக்கியா ராஜாவிடம் ஏசாயா தீர்க்கதரிசி வந்து, ‘உமது வீட்டுக்காரியத்தை ஒழுங்குபடுத்தும்’ என்றார். எசேக்கியா அழுது ஜெபித்தார். ஆயுசு பதினைந்து வருடம் கூடியது. அந்த ஏசாயாவேதான் பிளவையின்மேல் அத்திப்பழத்து அடையை வைத்துக் கட்டவும் சொன்னார். வீட்டை ஒழுங்குபடுத்துவது, ஜெபம், மருந்து மூன்றும் ஒரே கதைக்குள் இருக்கின்றன. இதை நீங்கள் சொன்னால் சித்தி கேட்கமாட்டார். உங்கள் சேகரத்துக் குருவானவரை வீட்டுக்கு வரச்சொல்லி, அம்மாவுக்குத் திருவிருந்து கொடுத்துவிட்டு, சித்தியோடு தனியாகக் கொஞ்ச நேரம் இருக்கச் சொல்லுங்கள்.

இப்போது உங்களுக்கு.

சிசிலி சாண்டர்ஸ் என்ற பெயரை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எங்கள் துறைக்கு அவர்தான் தாய். 1948-ல் லண்டனில், டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர் ஒருவர் நாற்பது வயதில் புற்றுநோயால் செத்துக்கொண்டிருந்தார். சொந்தம் என்று யாரும் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லுங்களேன் என்று கேட்டார். சாண்டர்ஸ் தனக்கு மனப்பாடமாக இருந்த 23-ஆம் சங்கீதத்தைச் சொன்னார். உங்கள் அம்மா தேதி குறித்து வைத்திருக்கும் அதே சங்கீதம். டேவிட் இன்னும் கொஞ்சம் கேட்டார். புத்தகத்திலிருந்து வாசிக்கட்டுமா என்று சாண்டர்ஸ் கேட்டதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். உன் மனதிலும் இருதயத்திலும் இருப்பது மட்டும் எனக்கு வேண்டும் என்றார். சாகும்போது தன்னிடம் இருந்த 500 பவுண்டை, நீ கட்டப்போகும் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன் என்று சொல்லி விட்டுப்போனார். 19 வருடம் கழித்து, 1967-ல், சாகும் தறுவாயில் இருப்பவர்களுக்காக சாண்டர்ஸ் கட்டிய மருத்துவ இல்லம் திறந்தது.

‘ஜெபம் பண்ணு பிள்ள’ என்று அம்மா கேட்கும்போது அவரும் இதைத்தான் கேட்கிறார் என்று நினைக்கிறேன். 34 வருடம் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டவர் அவர். எது மனதிலிருந்து வருகிறது, எது மனப்பாடம் என்று அவருக்கா தெரியாது? ஒப்பிப்பதை விட்டுவிடுங்கள். ‘அம்மா, எனக்கு உங்களை மாதிரி நம்பிக்கை இல்லை. ஜெபிக்க வரமாட்டேங்குது. ஆனா உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கணும்’ என்று சொல்லுங்கள். வலிக்குமே என்கிறீர்களா? கொஞ்சம் வலிக்கலாம். ஆனால் அவர் மகளைப் பற்றி உண்மை தெரியாமல் போவதைவிட அது சிறிய வலி. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, இந்த விசுவாசம் முதலில் உன் பாட்டி லோவிசாளிடம் இருந்தது, உன் தாய் ஐனிக்கேயாளிடம் இருந்தது, உன்னிடமும் இருக்கிறது என்று நம்புகிறேன் என்றார். ஒவ்வொருவரிடமும் அது தனித்தனியாக இருந்தாக வேண்டியிருக்கிறது பாருங்கள். உங்களிடம் வருமா, வராதா, எப்போது வரும் என்பதை இந்த அறையில், இந்த வாரங்களுக்குள் முடிவு செய்ய வேண்டாம். அம்மா உங்களிடம் விட்டுப்போவதை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கடைசி நேரத்தில் அம்மா பயந்துவிட்டால் எதை நம்புவது என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி இது. அம்மா தெரிந்தோ தெரியாமலோ ஒரு பரீட்சை எழுதிக்கொண்டிருக்கிறார், நீங்கள் கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்துவிட்டு மார்க் போடக் காத்திருக்கிறீர்கள். அந்தப் பாரத்தை அவர் தலையிலிருந்து இறக்குங்கள்.

என்ன நடக்கலாம் என்று மறைக்காமல் சொல்கிறேன். சாப்பாடு குறையும். பசி இருக்காது, கட்டாயப்படுத்த வேண்டாம். உதட்டையும் நாக்கையும் ஈரப்பஞ்சால் நனைத்துக்கொண்டிருந்தால் போதும். தூக்கம் கூடும். கைகால் குளிரும். மூச்சு சில விநாடி நின்று நின்று வரும். தொண்டையில் சளி கரகரவென்று சத்தம் போடும். கேட்கிற நமக்குத்தான் கொடுமையாக இருக்கும், அவருக்கு அது பெரும்பாலும் தெரியாது. ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்க வைத்தால் குறையும். சில பேர் இறந்துபோன சொந்தங்களோடு பேசுவார்கள். சில பேர் திடீரென்று போர்வையைப் பிடுங்குவார்கள், எழுந்து ஓடப்பார்ப்பார்கள், கத்துவார்கள், வாயில் வராத வார்த்தை எல்லாம் வரும். சிறுநீர் அடைத்திருக்கலாம், மலம் இறுகியிருக்கலாம், காய்ச்சலாக இருக்கலாம், கல்லீரல் வேலை நின்றதால் மூளை குழம்பியிருக்கலாம், மருந்தின் விளைவாகவும் இருக்கலாம். உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள், பெரும்பாலும் அமைதிப்படுத்த மருந்து இருக்கிறது. அந்தக் கூச்சலை எடுத்துக்கொண்டு ஒருவருடைய அறுபது வருட விசுவாசத்தை அளக்காதீர்கள். கெத்செமனேயில் இயேசுவே, ‘என் ஆத்துமா மரணத்துக்கேதுவான துக்கங்கொண்டிருக்கிறது’ என்று சொல்லி, சீஷர்களை விழித்திருக்கச் சொல்லிக் கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள். நீங்கள் விழித்திருங்கள், அது போதும்.

நினைவில்லாமல் கிடந்தாலும் அம்மாவிடம் பேசுவதை நிறுத்தாதீர்கள். மரணத் தறுவாயில் நினைவிழந்தவர்களில் சிலருடைய மூளை ஒலிக்கு இன்னும் அசைந்துகொடுக்கிறது என்று கனடாவில் நடத்தி 2020-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. அப்படிக் காட்டாமல் இருந்திருந்தாலும் நான் பேசத்தான் சொல்லியிருப்பேன்.

உங்கள் நடுக்கத்தைப் பற்றி: அதற்கு வெட்கப்படாதீர்கள். போன வருடம் ஒரு தையல்காரர் வீட்டுக்குப் போவேன். வயிற்றில் நீர் கோர்த்து, எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்து, வாசலில் நின்ற மகனைக் கண்ணால் காட்டி, ‘டாக்டர், எனக்கு ஒண்ணுமில்ல. அவன் ரொம்பப் பயந்துட்டான். அவனைப் பாத்துக்கிடுங்க’ என்றார். உங்கள் அம்மாவும் உங்கள் நடுக்கத்தைப் பார்த்திருப்பார். ‘எதுக்கு பிள்ள பயப்படணும்?’ என்று அவர் சொல்வது தன்னைப் பற்றித்தானா, உங்களைப் பார்த்துக் கேட்பதா? நேராகவே கேளுங்கள்: ‘அம்மா, உங்களுக்கு எப்பவுமே பயமில்லையா?’

பதில் அந்தப் பென்சில் தேதிகளில் இருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. 23-ஆம் சங்கீதத்தை எடுத்து நிதானமாகப் பாருங்கள். முதல் மூன்று வசனங்களில் ஆண்டவரைப் பற்றி ‘அவர்’ என்றுதான் வருகிறது. அவர் மேய்க்கிறார், அவர் நடத்துகிறார். மரண இருளின் பள்ளத்தாக்கு வந்ததும், ‘தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர்’ என்று பேச்சு முகம் பார்த்துத் திரும்பிவிடுகிறது. அப்பா இறந்த நாளை அம்மா அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறார் என்றால், அன்றைக்கு அவரும் பள்ளத்தாக்கில் இருந்திருக்கிறார். மற்ற இரண்டு நாட்களும் அப்படிப்பட்டவையாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் அவருக்கு எவ்வளவு பயமாக இருந்தது, எப்படி வெளியே வந்தார் என்று உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும்.

மருந்து சரியான நேரத்துக்கு உள்ளே போக ஆரம்பித்த பிறகு, ஒரு சாயங்காலம் மாத்திரை கொடுத்து முக்கால் மணி நேரம் விடுங்கள். வலி அடங்கி முகம் தெளிந்திருக்கும். சித்தியும் விசாரிக்க வருகிறவர்களும் போயிருக்கட்டும். பைபிளை மடியில் வைத்துக்கொண்டு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, முதல் தேதியில் விரலை வைத்து, அன்றைக்கு என்ன நடந்தது என்று கேளுங்கள்.